அடுத்த முகவரி

திருவண்ணாமலை
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கலைக்கு,

டேராடூன் ஸ்டேஷனில் பேசிக்கொண்டபடி எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் இரண்டு பேரும் கத்துகிறோம், இனியா காதைப் பொத்திக்கொள்கிறாள். எழுதினால் ஒரு வார்த்தையைப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க முடிகிறது. அவசரமென்றால் மட்டும் போன். இதை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது. ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் மாடியில் ஓர் அறை. மணிவேல் அண்ணனுக்குக் கோபம். "அடி அண்ணாமலைல இம்மாம் பெரிய வீடு இருக்குது, நீ வாடகைக்குப் போறியே, பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க" என்றான். அண்ணன் வீட்டுக்குப் போனால் நான் புருஷனை விட்டுவிட்டு வந்தவள். இந்தத் தெருவில் யாரும் எதையும் கேட்பதில்லை. கீழே ஒரு ஸ்பெயின்காரர், எதிரில் புனேயிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எத்தனை நாள் இருப்பீர்கள்? வண்டியையே வீடாக்கிச் சுற்றிய மூன்று வருஷமும் இந்தக் கேள்விக்கு நாம் சட்டென்று பதில் சொல்லியிருக்கிறோம். இரண்டு நாள், பத்து நாள், மழை நிற்கும்வரை. இப்போது என்னைக் கேட்டால், பார்க்கலாம் என்கிறேன்.

இனியாவை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். ஆதாரில் இருப்பது நாம் 2022இல் காலி செய்த சென்னை பெருங்குடி வீடு. தலைமை ஆசிரியை, "இதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். நான் ஆரம்பிப்பதற்குள் இனியா, "வண்டி" என்றாள். அவர் சிரிக்கவில்லை. வாசிக்கச் சொன்னார், தடங்கலில்லாமல் வாசித்தாள். வாய்ப்பாடு கேட்டார், சொன்னாள். வண்டியின் பின்சீட்டில் நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

நான் ஏன் வந்தேன் என்பதை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும். இமாசலத்தில், கின்னூர் மலை ரோட்டில் முன்னும் பின்னும் மண் சரிந்து பதினேழு மணி நேரம் நின்றோமே, இனியாவுக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். அவள் கண்ணைத் திறந்துகொண்டே யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த ராணுவ டாக்டர் வந்தார், ஊசி போட்டார், சரியானது. மறுநாள் காலையில் நீங்கள் டீ போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "அதான் ஒண்ணும் ஆகலையே." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்னால் அடுத்த ஊருக்கு வர முடியவில்லை.

இனியா நன்றாக இருக்கிறாள். தினமும் காலையில் எழுந்ததும், "எப்போ கெளம்புறோம்?" என்கிறாள். கிளம்பவில்லை என்று சொன்னால் சரியென்று பல் தேய்க்கப் போகிறாள். தேய்த்த பிரஷைத் துடைத்துப் பைக்குள் வைக்கிறாள்.

வேதா

•

சிலிகுரி
29 ஆகஸ்ட் 2025

வேதா,

உன் கடிதம் ஒர்க் ஷாப் முகவரிக்கு வந்து இரண்டு நாள் ஆயிற்றாம். முதலாளி அதை ஸ்பேனர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். வண்டியில் ஏறிய முதல் மாதமே அந்த "ங்க" போய்விட்டது. பத்தடி நீளத்துக்குள் சமைத்து, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டிருந்தால் மரியாதைக்கு இடமேது. இப்போது அது திரும்பி வந்திருப்பதைப் பார்த்து அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

கின்னூரைப் பற்றி. நீ சொன்னது சரி, நான் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த டாக்டரைத் தேடி மண்ணும் கல்லும் விழுந்துகொண்டிருந்த வழியில் ஆறு கிலோமீட்டர் நடந்தவனும் நான்தான். அதையும் எழுதியிருக்கலாம். காலையில் நான் சொன்னது உனக்காக அல்ல, எனக்கே சொல்லிக்கொண்டது. என் பங்கு டீயைக் குடிக்காமல் மண்ணில் ஊற்றிவிட்டேன். நீ பார்க்கவில்லை.

பெருங்குடியில் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். லிப்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, மூன்று ஆஸ்பத்திரி, எல்லா டெஸ்டும் நார்மல். வண்டி ஓட ஆரம்பித்தபின் ஒரு தடவைகூட வரவில்லை. நான் ஊர் சுற்றுவது ஜாலிக்காக என்று உன் அண்ணன் நினைக்கலாம். நீயும் அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டாயோ என்றுதான் பயம்.

இணையத்தில் செய்கிற வேலை நடக்கிறது. கவுகாத்தி போகிறேன், பிறகு தேஜ்பூர். அங்கே ஒரு விடுதியின் முகவரி பின்பக்கம் இருக்கிறது. இனியாவை இரண்டு கன்னத்திலும் முத்தமிடு. இந்த ஞாயிறு முதல் வாரம் ஒரு தடவை மட்டும் அவளோடு வீடியோவில் பேசுகிறேன், வேண்டாமென்றால் சொல்.

கலை

•

திருவண்ணாமலை
10 செப்டம்பர் 2025

அன்புள்ள கலைக்கு,

ஆறு கிலோமீட்டர் நடந்ததை நான் மறக்கவில்லை. எழுதாமல் விட்டது தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு ஞாயிறு பேசினீர்கள். இரண்டு தடவையும் போனை வைத்ததும் இனியா தன் துணிகளை மடித்துப் பைக்குள் அடுக்கிவிட்டாள். அலமாரியில் அவளுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்டால் வண்டி தெருமுனையில் நிற்கிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவளுக்கு எழுதுங்கள். எழுதினால் நீங்கள் தூரத்தில் இருப்பது அவளுக்குப் புரியும்.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றி நிறையப் பேசுகிறாள். அந்தப் பெண் பென்சிலைப் பல்லால் சீவுவாளாம், அவள் வீட்டு மாடு அவளைத் தவிர யாரையும் கிட்டே விடாதாம். "பேர் என்னடீ?" என்றேன். தெரியவில்லை. மூன்று வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பேரு எதுக்கு? நாமதான் போயிடுவோமே" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன். மறுநாள் நானே பள்ளிக்குப் போய் விசாரித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் சினேகா.

கிளம்பலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். அதையும் நான் மறக்கவில்லை. உங்கள் நெஞ்சுவலியைப் பார்க்கச் சகிக்காமல் வேலையை முதலில் விட்டவளும் நான்தான். ஸ்பிதியில் அந்த வெயிலும், கோகர்ணாவில் மழைக்கு ஒதுங்கிய அந்த மூன்று வாரமும் என் வாழ்க்கையில் வேறு எப்போதும் வரப்போவதில்லை. இந்த அறையில் எனக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. ஜன்னலைத் திறந்தால் தினமும் அதே மலை. ஆனால் அவளுக்கு எட்டு வயது.

எனக்கு ஒரு தேதி வேண்டும். வருகிறீர்களா, இல்லையா, எப்போது? "சீக்கிரம்" என்று எழுதாதீர்கள். நீங்கள் சீக்கிரம் என்றால் ஒரு மழைக்காலம்.

வேதா

•

தேஜ்பூர்
19 செப்டம்பர் 2025

வேதா,

கிளட்ச் போய்விட்டது. சாமான் கவுகாத்தியிலிருந்து வர வேண்டும். வந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறேன். தேதி கேட்டால் எப்படிச் சொல்வது, வண்டி சொல்ல வேண்டும். நீ கேட்டது நியாயம்தான். வருகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

உள்ளே ஒட்டின ஒரு கவர் இருக்கிறது. அது இனியாவுக்கு. நீ பிரிக்காதே, அவளிடம் கொடுத்துவிடு. அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டுமில்லையா.

கலை

•

திருவண்ணாமலை
8 அக்டோபர் 2025

அன்புள்ள கலைக்கு,

முதலில் இதைப் படியுங்கள்: இனியா என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அவளுக்கு எதுவும் இல்லை. உள்ளங்காலில் இரண்டு கொப்புளம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவள் காணாமல் போனாள். நாலேகால் மணியிலிருந்து ஏழு மணிவரை.

அன்றைக்குப் பௌர்ணமி. இங்கே பௌர்ணமி என்றால் மலையைச் சுற்றி வர லட்சம் பேர் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியானமே செங்கம் ரோடு நிரம்பிவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று மூன்றரைக்கே பள்ளியிலிருந்து கூட்டிவந்துவிட்டேன். யூனிபார்ம்கூட மாற்றவில்லை, படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். நான் ஆன்லைனில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம். வெளியே வந்தபோது பொரிக் கிண்ணம் படியில் இருந்தது. செருப்பு இல்லை. பள்ளிப் பையும் இல்லை.

தெருவில் ஓடினேன். ரோட்டுக்கு வந்து பார்த்தால் ஜனம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தலையைத் தேடுவது? பச்சைப் பாவாடை போட்ட ஒவ்வொரு பிள்ளையையும் தோளைப் பிடித்துத் திருப்பினேன். ஓர் அம்மா என்னைத் திட்டினாள். உங்களுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போலீஸ் உதவி மையத்தில் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் காணாமல் போனவர்கள் நாலு பேர், இனியா ஐந்தாவது. மைக் வைத்திருந்தவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், என்ன கலர் டிரஸ் என்று கேட்டார். பிறகு, "எந்த ஊர்மா?" என்றார்.  சொல்லத் தெரியவில்லை, கலை. பெருங்குடி என்று நாக்கில் வந்தது, இல்லையென்று விழுங்கினேன். அவர் பேனாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கதான்" என்றேன். "இங்கதான்னா எங்கம்மா?" என்றார். பக்கத்தில் இருந்த பெண் போலீஸ், "அந்தம்மா நடுங்குது சார், உள்ளூர்னு எழுதிக்குங்க" என்றாள். உள்ளூர்ச் சிறுமி இனியா என்று அறிவித்தார்கள்.

நான் போனில் சொன்னதும் மணிவேல் அண்ணன் அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தான். கூட்டத்துக்கு எதிராக பைக்கைத் தள்ளிக்கொண்டே கடை கடையாகக் கேட்டிருக்கிறான். அடி அண்ணாமலையில் சந்திரம்மாள் என்று ஒருத்தி நன்னாரி சர்பத் விற்கிறாள். அவள் தனியாகப் போன பிள்ளையைப் பார்த்துக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள். அண்ணன் போனபோது இனியா எலுமிச்சம்பழம் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அழவில்லையாம். அண்ணன் அவளை பைக்கில் உட்காரவைத்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். நான் அடித்துவிட்டேன். முதுகில், பலமாக. இதுவரை அவளை அடித்ததில்லை.

ஏன் போனாள் என்று அண்ணன் கேட்டான். கூட்டத்தோடு போய்விட்டாள் என்று சொன்னேன்.

நீங்கள் வியாழக்கிழமை வாக்கில் சிக்னலுக்கு வருவீர்களோ என்னவோ. வந்தால் கூப்பிடுவீர்கள். கிடைத்துவிட்டாள் என்று மட்டும் சொல்வேன், அதற்கு மேல் போனில் என்னால் முடியாது.

வேதா

•

தேஜ்பூர்
17 அக்டோபர் 2025

வேதா,

ஒன்பதாம் தேதி சிக்னல் வந்தது. இருபத்து மூன்று அழைப்புகள். நான் கூப்பிட்டபோது, "கெடைச்சிட்டா, எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். என்ன கிடைத்தது, யார் கிடைத்தது என்று தெரியாமல் ஒரு வாரம் இருந்தேன். அதன் பிறகு எடுக்கவே இல்லை. நேற்று உன் கடிதம் வந்தது. உடனே கூப்பிட்டேன். நான்கு நிமிஷம் நான் கத்தியதைக் கேட்டுவிட்டு நீ வைத்தாய். போனில் சொல்லி முடிக்காததை எழுதுகிறேன்.

மூன்று வருஷம். பதினாலு மாநிலம். காசியில் கூட்டத்தில் நின்றோம், பூரியில் தேருக்கு நின்றோம். காட்டில், கடற்கரையில், லாரி நிற்கும் பெட்ரோல் பங்குகளில் படுத்தோம். ஒரு நாள், ஒரு மணி நேரம் அவள் நம் கண்ணை விட்டுப் போனதுண்டா? பாதுகாப்பு வேண்டும் என்று நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். சுவர் வேண்டும், பள்ளி வேண்டும், உள்ளூர் வேண்டும் என்றாய். அந்த உள்ளூரில் இரண்டே மாதத்தில் அவளைத் தொலைத்துவிட்டு நின்றாய். அதுவும் யாரோ ஒரு பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய்.

கின்னூரில் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக என்னை விட்டுவிட்டுப் போனாய். இப்போது நான் உன்னிடம் என்ன சொல்ல வேண்டும்? ஒண்ணும் ஆகலையே என்று நீ எழுதியிருக்கிறாய், வேறு வார்த்தைகளில். முதல் வரியிலேயே.

அவளை அடித்தாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

க.

•

திருவண்ணாமலை
24 அக்டோபர் 2025

கலை,

நீ எழுதியது எல்லாம் உண்மை. தொலைத்தது நான். அடித்ததும் நான். அதை இனியாவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவால்லம்மா, நீ பயந்துட்ட" என்றாள்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் யோசித்தேன். இனி மறைத்தால் அது உனக்குச் செய்யும் நல்லது ஆகாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் பள்ளிப் பையைத் திறந்தேன். இரண்டு சட்டை, பிரஷ், அவளுடைய நீலத் தொப்பி, ஒரு பாக்கெட் பிஸ்கட். நடுவில் நீ அனுப்பிய கவர். நான் பிரிக்க மாட்டேன் என்று நம்பிக் கொடுத்தாய். அதுவரை பிரிக்கவில்லை. அன்று படித்தேன். அப்படியே கீழே எழுதுகிறேன், நீ எழுதியது உனக்கு மறந்திருந்தால்:

"என் செல்லக் குட்டிக்கு, இது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும். அம்மாகிட்ட சொல்லாதே, சர்ப்ரைஸ். அடுத்த பௌர்ணமிக்கு அப்பா அங்கே இருப்பேன். வண்டியைப் பெரிய பார்க்கிங்கில் போட்டுட்டு உன்னைக் கூப்பிட வருவேன். ரெடியா இரு. எங்கே போகலாம்னு நீயே சொல்லு."

அவள் தயாராக இருந்தாள். படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். நீ வரவில்லை. வழி தெரியாமல் எங்கேயாவது நிற்கிறாய் போல என்று அவளே தேடிக் கிளம்பியிருக்கிறாள். செங்கம் ரோட்டில் பௌர்ணமிக்காக வண்டிகளை நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு வேனாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். அங்கே இல்லை. அடுத்த பார்க்கிங் எங்கே என்று ஒரு டிரைவரைக் கேட்டிருக்கிறாள். "காஞ்சி ரோட்ல ஒண்ணு கீதும்மா, ஜனம் போற பக்கமா போ" என்று அவர் சொல்லியிருக்கிறார். இவள் போனாள்.

சந்திரம்மாளைப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது இது: "இன்னா கண்ணு, யாருகூட வந்தேன்னு கேட்டேன். அப்பா வண்டிய தேடறேன்னுச்சு. நம்பர் தெரியுமான்னேன். தெரியும்னு கடகடன்னு சொல்லுச்சு. நானும் அஞ்சாறு வாட்டி போட்டேன், போவவே இல்ல. வேற நம்பர் சொல்லும்மான்னா, வண்டி நம்பர சொல்லுது." நான் இங்கே வந்து சிம் மாற்றியிருந்தேன், அதை அவள் மனப்பாடம் செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்தது உன் நம்பர் ஒன்றுதான். நான் உனக்கு இருபத்து மூன்று தடவை போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் சந்திரம்மாளும் உனக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தேதி சொல்ல முடியாது என்றாய். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னாய். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கே இருந்தாய் என்றும் கேட்கவில்லை. இனிமேல் எழுதாதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத என்னால் முடியவில்லை. ஆனால் அவளுக்குத் தனியாக எதுவும் அனுப்பாதே.

பள்ளியில் ஒரு தாள் வாங்கிக்கொண்டார்கள். மாலையில் அவளை யாரோடு அனுப்பலாம் என்று பெயரும் போட்டோவும். என் பெயரும் அண்ணன் பெயரும் கொடுத்திருக்கிறேன்.

வேதா

•

அடி அண்ணாமலை
10 நவம்பர் 2025

வேதா,

முகவரியைப் பார்த்துத் திடுக்கிடாதே. இதை உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை காலையில் வந்தேன். அவர் கொல்லையில், சம்மங்கித் தோட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்தியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். "ரெண்டு நாள் டைம் தரேன் மாப்ள, அதுக்கு மேல என் தங்கச்சிகிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார். இன்றோடு முடிகிறது.

உன் கடிதம் முப்பத்தோராம் தேதி கிடைத்தது.   அன்றைக்கே கிளம்பினேன். நடுவில் எந்த ஊரையும் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் போய்ச் சேர்வதற்காக மட்டும் ஓட்டினேன்.

நீ கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டும். கிளட்ச் நான்கே நாளில் சரியாகிவிட்டது. இருபத்து நான்காம் தேதி கிளம்பியிருந்தால் பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னாலேயே வந்திருப்பேன். மெக்கானிக் மெச்சுகாவைப் பற்றிச் சொன்னான். அருணாசலப் பிரதேச எல்லையில், மலைகளுக்கு நடுவில் ஒரு சமவெளி, இப்போதுதான் அழகு என்றான். மூன்று நாளில் போய்விட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போகும் வழியில் பாலம் வேலை. காத்திருந்தேன். சிக்னல் போவதற்கு முன்னால் ஓர் இடத்தில் நிறுத்தி உனக்கு, "தாமதமாகும், இனியாவிடம் சொல்" என்று டைப் செய்தேன். சொன்னால் நான் அவளுக்குத் தேதி கொடுத்தது உனக்குத் தெரிந்துவிடும். அழித்துவிட்டேன். ஒரு வரி, வேதா. அதை அனுப்பியிருந்தால் அவள் படியிலேயே இருந்திருப்பாள்.

மெச்சுகா அழகாகத்தான் இருந்தது. அவள் வேன் வேனாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆற்றங்கரையில் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். போட்டோ எடுத்திருக்கிறேன். நேரம் அதில் பதிந்திருக்கிறது. ஐந்து பத்து.

பதினேழாம் தேதி நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. நீ அதைக் கிழித்துப் போட்டிருந்தால் நல்லது.

இன்று காலை உன் தெருமுனையில் டீக்கடையில் நின்றிருந்தேன். நீங்கள் இருவரும் வந்தீர்கள். இனியா உயரமாகிவிட்டாள். இரட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். இன்னொரு பெண் சைக்கிளில் அப்பாவோடு போனாள், இனியா, "சினேகா" என்று கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கடைக்குள் போய்விட்டேன். எனக்கு உங்கள் முன்னால் வர தைரியம் இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, வந்தால் அவள் முதலில் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். "எப்போ கெளம்புறோம்?"

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நேற்று மத்தியானம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது நெஞ்சைப் பிடித்தது. பெருங்குடியில் வந்த அதே பிடி. எழுந்து தோட்டத்துக்குப் போய் நின்றேன். போய்விட்டது. கிளம்பிவிடு, கிளம்பிவிடு என்று உள்ளே ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருந்தான். சாவி பாக்கெட்டில்தான் இருந்தது. அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கேட்டாலும் தராதீர்கள் என்று சொன்னேன். "எத்தினி நாளைக்கு?" என்றார். தெரியவில்லை என்றேன். "தெரியலன்னு சொன்னதே ஜாஸ்தி" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நிரந்தரமாக இங்கே இருப்பேன் என்று என்னால் எழுத முடியாது. எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். இருந்து பார்க்கிறேன் என்று எழுத முடிகிறது. நெஞ்சு பிடிக்கும்போது எழுந்து ஓடாமல் உன்னிடம் சொல்கிறேன் என்று எழுத முடிகிறது. ஒரு டாக்டரைப் பார்க்கிறேன், இந்தத் தடவை நெஞ்சுக்கு அல்ல, மனசுக்கு. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. நான் வரலாமா? வேண்டாம் என்றால் இதே தோட்டத்தில் காத்திருக்கிறேன். சாவி என்னிடம் இல்லை.

கலை

•

திருவண்ணாமலை
11 நவம்பர் 2025

கலை,

நேற்று ராத்திரி கடிதத்தைக் கொடுத்த அண்ணன் இன்று மறுபடி வந்து, பதில் வாங்காமல் போக மாட்டேன் என்று கீழே பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். அதனால் நீளமாக எழுத முடியாது.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. உன் பதினேழாம் தேதிக் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. அதில் பாதி உண்மை, என்ன செய்வது. நீ வந்தால் எனக்குப் பயம், வராமல் இருந்தாலும் பயம். இரண்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன். நெஞ்சைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்கு எப்படி இருக்கிறது? அண்ணனிடம் சொல்லி அனுப்பு. டாக்டரைப் பார்க்க நானும் வருகிறேன்.

பள்ளி நாலு பத்துக்கு விடும், இன்று நீ போய் அவளைக் கூட்டிவா. இன்று காலையில் தலைமை ஆசிரியையைப் பார்த்து அந்தத் தாளில் உன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டோவுக்கு ஆதார் நகல்தான் இருந்தது, அதில் நீ தாடி இல்லாமல் இருக்கிறாய். வாட்ச்மேன் சந்தேகப்பட்டால் பொறுமையாகப் பதில் சொல்லு, கோபப்படாதே. இப்போதெல்லாம் யாரையும் சும்மா விடுவதில்லை.

எப்போது கிளம்புகிறோம் என்று அவள் கேட்டால், தெரியாது என்று சொல். தேதி சொல்லாதே. அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொல்லாதே. வழியில் அவள் கையைப் பிடித்துக்கொள், அவள் வேண்டாம் என்றாலும்.

வண்டியைக் கொண்டுவராதே. அதைப் பார்த்தால் பையை எடுக்க ஓடிவிடுவாள். நடந்து வா.

வேதா